கச்சேரி மட்டுமா பிழைப்பு? கொங்குப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

நான் வயலின்காரி. பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில், தெருவுக்கு நாலு தறிக் குடோன் இருக்கும் ஒரு ஊர். அப்பா கூலிக்குத் தறி ஓட்டினவர். பதினாறு வருசமாக எனக்குச் சோறு போடுவது வயலின்தான். ஆனாலும் ‘எந்த சபாவில் வாசிச்சிருக்கீங்க?’ என்று கேட்டால் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். இது எப்படி நடக்கிறது என்று கல்யாணப் பந்தியிலும் ரயிலிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக டைப் செய்து கை வலிக்கிறது. வில் பிடிக்கிற கை, வீணாக வலிக்கக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

அப்படின்னா நீங்க தினமும் என்னதான் பண்றீங்க?

காலை ஐந்தரைக்கு ஆன்லைன் வகுப்பு, வாரத்தில் ஐந்து நாள். செவ்வாயும் வியாழனும் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். பொழுதோட, அதாவது சாயங்காலம், பரதநாட்டிய ஒத்திகைக்கு வாசிப்பு. மாசத்துக்கு ஒரு அரங்கேற்றமாவது இருக்கும். முகூர்த்த மாதங்களில் கல்யாண வரவேற்பு. ஞாயிறு வீட்டில் குழந்தைகள். இடைப்பட்ட நேரத்தில் அடுத்தவர்களின் வயலினுக்குக் கம்பி மாற்றுவது, கம்பியைத் தாங்கும் குதிரையை நிறுத்துவது. வருசத்தில் ஏழெட்டுக் கச்சேரிக்குப் பக்கவாத்தியமும் உண்டு. வரவு நோட்டில் கச்சேரிக்கு நான் விட்டிருக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் சின்னது.

கச்சேரி பண்ணியே பிழைக்க முடியாதா?

முடிகிறவர்கள் இருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குக் கீழே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு மார்கழியில் சென்னையில் ஒரு சபாவில் பகல் பன்னிரண்டு மணி ஸ்லாட். பாடின பெண்ணும் நானும் கோவையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினோம். மிருதங்கம் சென்னையிலேயே ஏற்பாடு. கீழே பதினொரு பேர். அதில் நாலு பேர் பாடின பெண்ணின் சொந்தக்காரர்கள், இரண்டு பேர் கேண்டீன் திறக்கக் காத்திருந்தவர்கள். முடிந்ததும் ஒரு கவர் கொடுத்தார்கள். பிரித்தால் ஐந்நூறு ரூபாய். ரயில் டிக்கெட், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் கூட்டினால் நான் காசு கொடுத்து வாசித்ததாகத்தான் ஆகும். அன்றைக்கு அந்தப் பெண் பாடின தோடி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனதற்கு வருத்தமில்லை. அதை வருமானம் என்று நினைத்துப் போயிருந்தால்தான் வருத்தம்.

பொன்னாடை போர்த்துகிறார்கள், பணம் என்றால் முகம் மாறுகிறது. எப்படிக் கேட்பது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நம் ஊரில் கணக்குத் தெரியாத ஆள் கிடையாது. நூல் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் டீக்கடையில் அதுதான் பேச்சு. ஒரு மீட்டர் துணிக்கு எத்தனை பைசா கூலி என்று பத்தாவது படிக்கிற பையன் சொல்வான். இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் மட்டும் ‘உங்க இஷ்டமுங்க, பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்கிறோம். எதிரில் இருப்பவர் வியாபாரி. விலை சொல்லாத சரக்கை அவர் எப்படி மதிப்பார்?

பெருந்துறை ரோட்டில் ஒரு மண்டபம். வரவேற்புக்கு வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பந்திக்காரருக்கு முன்பணம், பூ அலங்காரத்துக்கு முன்பணம், சீரியல் லைட்டுக்கு முன்பணம், வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருந்த பெண்களுக்குக்கூட அன்றைய கூலி கையில். எனக்கும் மிருதங்கக்காரருக்கும் முடிந்தபிறகு ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஆளுக்கொரு பொன்னாடை. மாப்பிள்ளையின் பெரியப்பா கை கூப்பிக்கொண்டு, “ஏனுங் அம்மிணி, கலைக்கு விலை போட முடியுமுங்களா?” என்றார். போட முடியும் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது மிருதங்கக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் கூட்டிப்போனது நான். அடுத்த வாரம் அவர் பங்கை என் கையிலிருந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். போன் வந்ததும் தேதி, நேரம், எத்தனை மணி நேரம் என்று மூன்றைக் கேட்பேன். அடுத்த மூச்சில் தொகையைச் சொல்லிவிடுவேன், அவர்கள் கேட்கும் முன்பே. “ரெண்டு மணி நேரத்துக்குப் பன்னிரண்டாயிரமுங்க, மிருதங்கத்துக்குத் தனி, வண்டிச் செலவு உங்களுது.” சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். அந்த நாலு நொடி மௌனத்தில் நாமே ‘குறைச்சுக்கலாமுங்க’ என்று சொல்லிவிடுவோம். சொல்லாதீர்கள். பாதிப் பேர் “சரிங்க” என்பார்கள். கால்வாசிப் பேர் பேரம் பேசுவார்கள். நம் ஊரில் பேரம் பேசுவது மரியாதைக் குறைவு இல்லை, உங்களைச் சரக்குள்ள ஆளாக எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள். மீதிப் பேர் வைத்துவிடுவார்கள். அவர்களில் பலர் பொன்னாடைக் கோஷ்டி.

பேசி முடித்ததை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி அனுப்புங்கள்: முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, மைக் யார் பொறுப்பு, மேடையில் உட்காரத் திண்டு உண்டா. மீதிப் பணம் மேடை ஏறும் முன். பக்கவாத்தியக்காரரின் தொகையில் பேரம் பேசவே கூடாது. குறைப்பதென்றால் உங்களுடையதில் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பீரோவில் பத்துப் பதினான்கு பொன்னாடை கிடக்கிறது. ஒன்றைச் சொல்ல வேண்டும், வயலினைச் சுற்றிவைக்க அதைப்போல ஒரு துணி கிடைக்காது.

கோயில் காரியம் என்றால்?

குலதெய்வக் கோயில் நோம்பிக்குக் காசு வாங்க மாட்டேன். அது வருசத்துக்கு ஒன்று. மற்றக் கோயில் எல்லாம் கமிட்டி வைத்து, ரசீது போட்டு, நன்கொடை வசூலித்து நடத்துகிறார்கள். ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கிறார்கள், வாண வேடிக்கைக்குக் கொடுக்கிறார்கள். எனக்கும் கொடுக்கலாம்.

நாங்க தோட்டம் பார்க்கிற குடும்பமுங்க. நம்ம ஆளுகளுக்கு இது வருமா?

கை வரும், தொண்டை வரும். மேடை வருமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒட்டுக்கா போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சபா உலகம் யாருடையதாக இருந்தது என்பது ஊருக்கே தெரியும். என்னிடமே ஒருவர், “உங்க ஊட்ல யாராச்சும் பாடுவாங்களா?” என்று கேட்டதற்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருசம் ஆனது. அந்த வேலி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் பக்கத்துக் கதை வேறு மாதிரியும் இருக்கிறது. 1908-ல் இன்றைய ஈரோடு மாவட்டத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. கொடுமுடியில் பிறந்தது கே.பி. சுந்தராம்பாள். சபாவில் தொடங்கவில்லை அவர்; நாடக மேடையில் தொடங்கினார். 1935-ல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கின சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து லட்சம். தொகையைச் சொல்லத் தெரிந்த பெண்மணி.

மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பெரியசாமித் தூரன். கணக்குப் படித்தார், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வாத்தியாராக இருந்தார், அப்புறம் தமிழில் முதல் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் பொறுப்பாசிரியர். இத்தனைக்கும் நடுவில் நூற்றுக்கணக்கில் கீர்த்தனை எழுதினார். கீரவாணி ராகத்தில் ‘புண்ணியம் ஒரு கோடி’ பாடாத பாடகர் குறைவு. சுத்தசாவேரியில் ‘தாயே திரிபுரசுந்தரி’யும் அவருடையதுதான் என்று பாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1968-ல் பத்மபூஷண். அவர் சங்கீதத்தால் பிழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாத்தியார் வேலை, பதிப்பு வேலை. பாட்டு அதோடு கூட.

இவர்களுக்கும் முன்னால் கோயம்புத்தூர் தாயி. கிராமபோன் வந்த புதிதில் தட்டுத் தட்டாகப் பாடிக் கொடுத்தவர். மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவர் பாட்டைக் கேட்டு மயங்கி, அதை வைத்து ‘ராகமாலிகா’ என்று ஒரு உருப்படியே எழுதினார். பியானோவின் ஒரு தந்திக்கு அட்டையைச் செருகி, சத்தத்தை அமுக்கி, நம் ஊர்த் தாள வாத்தியம் போல அடிக்க வைத்தார். மனுசன் வாத்தியத்துக்குள் அட்டை செருகும் அளவுக்கு இறங்கிவிட்டார். தாயி 1917-ல் காலமானார். கோயம்புத்தூரில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கே படிப்பது? காலேஜா, குருவா?

ஈரோடு, சேலம், கரூர் மூன்றிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. மூன்று வருசம். குரலிசை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், தேவாரம், பரதம். கோவையில் மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி. எல்லை தாண்டினால் பாலக்காட்டில் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் கேரள அரசின் இசைக் கல்லூரி. கோவையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். நம் ஆட்கள் சென்னையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்து வீட்டுப் பாலக்காட்டை மறந்துவிடுவார்கள். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த ஊர் அது. நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு முன்னால் நடக்கும் சங்கீத விழாவுக்கு டிக்கெட்டும் கிடையாது, பகட்டும் கிடையாது. வாசலில் நின்று கேட்டுவிட்டுக் கடைசி ரயிலில் திரும்பிவிடலாம்.

காலேஜா குருவா என்றால், பள்ளிக்கூட வேலைக்குச் சர்டிபிகேட் வேண்டும், கைக்குக் குரு வேண்டும். நான் இரண்டும் செய்தேன். என் குரு வீட்டில் முதல் எட்டு மாசம் வெறும் வில் இழுக்க வைத்தார். ஒரே கம்பியில், வில்லின் அடியிலிருந்து நுனி வரை, ஒரு ச. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, “பாட்டு எப்பங்க வரும்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்ன வயதில் ஆரம்பிக்கணும்?

எட்டு நல்லது. பதினெட்டும் தப்பில்லை. நாற்பதில் வந்தவர் ஒருவர் இன்று என்னிடம் வர்ணம் வாசிக்கிறார். ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து நேராக வருவார், காதில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கலாமா?

விடுவதற்கு முன்னால் மூன்று இடத்திலிருந்து மாசாமாசம் காசு வருகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தை நம்பி இறங்கினால் அந்த இடம் மூடிக்கொள்ளும். கொரோனா வந்தபோது மேடையை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு கண்ணால் பார்த்தது. ஒரு வருசச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் கிடையாது, அதையும் கணக்கில் சேருங்கள்.

விடாமல் இருந்தாலும் குறைச்சல் இல்லை. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியம் பார்த்துச் சம்பாதித்தார், மருந்து விற்ற காசில் சங்கீத மாநாடுகள் நடத்தினார், 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற அத்தனை பெரிய நூலைக் கொண்டுவந்தார். தூரனைத்தான் மேலேயே சொல்லிவிட்டேன்.

ஆன்லைன் வகுப்பு உண்மையிலேயே ஓடுமா? வயலினை எப்படி திரையில் சொல்லிக்கொடுப்பது?

ஓடும். ஆனால் நேரில் எடுக்கிற வகுப்பை அப்படியே கேமரா முன்னால் எடுத்தால் ஓடாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நாமும் மாணவரும் ஒட்டுக்கா பாட முடியாது. சத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். நாம் தாளம் போட்டால் அங்கே அரை அட்சரம் தள்ளிக் கேட்கும். முதல் மாசம் எனக்கு இது புரியாமல் ஒரு குழந்தையைத் தாளம் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவள் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். அதனால் நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. தாளம் அவள் பக்கமே ஓடட்டும், தம்புரா ஆப் அவள் பக்கமே ஓடட்டும்.

அடுத்தது, ஜூம் மாதிரி செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. நீண்டு ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கும், இரண்டு பக்கமும் அதைப் போடுங்கள். பாதிப் பேர் இது தெரியாமல் ‘ஆன்லைனில் சுருதி சேராது’ என்று விட்டுவிட்டார்கள்.

கேமராவை முகத்துக்கு வைக்காதீர்கள். வயலினுக்கு வலது முழங்கை தெரிய வேண்டும். நுனி வில்லுக்குப் போகும்போது மணிக்கட்டு மடங்குகிறதா, தோள் ஏறுகிறதா என்று பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். நான் அவர்களை ஜன்னலுக்கு எதிரே, கொஞ்சம் சாய்த்து உட்கார வைக்கிறேன்.

நேரம்: நம் ஐந்தரை மணி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முந்தின நாள் ராத்திரி எட்டு. கோடை முடிந்து கடிகாரத்தைத் திருப்பினதும் ஏழு. கலிபோர்னியாவில் ஐந்து, அப்புறம் நாலு. மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு வாரம் எல்லா வகுப்பும் குழம்பும். நாலு வீட்டில், “டீச்சர் இன்னும் வரலையே” என்று மெசேஜ் வந்திருக்கும். காலண்டரில் இப்போதே சிவப்பு மையில் குறித்துவையுங்கள். கட்டணம் மாசத் தொடக்கத்தில். வகுப்புக்கு வகுப்பு வாங்கினால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்க ஊரில் தறிச் சத்தம் நிற்கவே நிற்காது. வீட்டில் ரெக்கார்டிங் பண்ண வழி இருக்கா?

தறிச் சத்தத்தில் தாளம் கற்றுக்கொண்டேன் என்று பேட்டியில் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால் அந்தச் சத்தத்தில் சுருதியே காதில் விழாது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி, இரவு பகலாக.

எனக்கு வழி காட்டினது மின்வாரியம். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்துவார்கள். முந்தின நாளே பேப்பரில் ஊர்ப் பெயர் வந்துவிடும். தெருவே புலம்பும். நான் முதல்நாள் ராத்திரியே லேப்டாப்பில் முழு சார்ஜ் போட்டு, கம்பி மாற்றி, புதுக் கம்பி இறங்கி இறங்கி நிற்கட்டும் என்று நாலு தடவை சுருதி சேர்த்து வைத்துவிடுவேன். ஒன்பது மணிக்குத் தறி ஒவ்வொன்றாக நிற்கும். கடைசித் தறி நின்றதும் காது ‘ஙொய்’ என்று ஒரு மாதிரி அடைத்துக்கொள்ளும், பத்து நிமிசம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் சின்ன அறை, மூன்று பக்கமும் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி, நடுவில் நான். மைக்கை எஃப் துளைக்கு நேராக வைத்தால் வில் உரசும் சத்தம்தான் கேட்கும். ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் மேலே வையுங்கள். லேப்டாப்பில் செருகுகிற சின்ன ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றும் ஒரு கண்டன்ஸர் மைக்கும் போதும். ஃபேன் கிடையாது, வேர்வை கொட்டும்.

எல்லாம் சரியாக அமைந்து ஆலாபனை தார ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் ச-வுக்குப் போகும்போது மயில் கத்தும். இப்போதெல்லாம் எங்கள் இட்டேரியில் (இரண்டு பக்கமும் வேலி வைத்த மண்பாதை) காக்காயைவிட மயில் அதிகம். மயிலுக்கு மட்டும் இன்றுவரை வழி தெரியவில்லை. ஒரு பேகடா ராகப் பதிவில் அது அப்படியே இருக்கிறது, கேட்கிறவர்கள் ‘இயற்கைச் சூழல் அருமை’ என்று கமெண்ட் போட்டிருக்கிறார்கள்.

யூடியூபில் தியாகராஜர் கீர்த்தனை போட்டால் காப்பிரைட் என்று வருகிறதே?

தியாகராஜர் 1847-ல் சமாதியானவர். பாட்டுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஏதோ ஒரு கம்பெனியின் பழைய பதிவோடு உங்கள் வாசிப்பை யந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றென்று நினைத்துக்கொள்கிறது. ‘இது என் சொந்த வாசிப்பு, பாட்டு பொதுச்சொத்து’ என்று மறுப்பு அனுப்புங்கள். பயந்து எடுத்துவிடாதீர்கள். ஆனால் எல்லாப் பாட்டும் பழசு அல்ல. நம் சட்டத்தில் எழுதினவர் இறந்து அறுபது வருசம் வரை உரிமை உண்டு. பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார், ஆக அவர் பாடல்களுக்கு 2033 முடிய. வேறொருவரின் பதிவை எடுத்துப் பின்னணியில் போடுவது எப்போதும் தப்பு.

கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிப்பது கௌரவக் குறைவில்லையா?

என் குரு அப்படித்தான் சொன்னார். அவருக்கு வங்கியில் பென்ஷன் வந்தது.

நல்ல மெட்டை ஒழுங்காக வாசித்தால் எந்தக் கௌரவமும் குறையாது. முதலில் அரை மணி சுத்தமாக ஒரு கல்யாணி, ஒரு மோகனம் வாசித்துவிடுவேன். அப்போது கூட்டம் வந்திருக்காது, கேட்பது மாப்பிள்ளையின் அப்புச்சியும் நாலு பெரியவர்களும்தான். அதில் ஒருவராவது எழுந்து வந்து, “கண்ணு, இன்னொருக்கா வாசி” என்பார். அந்த அரை மணிக்காகவே சில பேர் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைச் சொல்லியிருக்கிறார்கள்.

முகூர்த்த நேரத்தில் மட்டும் நான் வாசிக்க மாட்டேன். அது நாகசுரம், தவிலின் இடம். ஏற்கெனவே கேரளத்துச் செண்டை மேளம் வந்து அவர்கள் வாசலை மறித்துவிட்டது. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடுகிறவரிடம்கூட, “சீக்கிரம் முடிங்க, போட்டோ எடுக்கணும்” என்கிறார்கள். நானும் அதில் ஒரு கல்லைப் போட வேண்டாம்.

தேவாரம் படித்தால் வேலை உண்டா?

அறநிலையத் துறைக் கோயில்களில் ஓதுவார் பணி உண்டு, பெண்களும் நியமிக்கப்படுகிறார்கள். அது கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, வெஞ்சமாங்கூடல், கரூர் என்று நம் பக்கமே ஏழு பாடல் பெற்ற தலம். அந்தந்த ஊர்ப் பதிகத்தை அந்தந்த ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு ஆள் சேரும். நான் கொடுமுடிப் பதிகத்தில் தொடங்குவேன். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொன்றும் ‘சொல்லும் நா நமச்சிவாயவே’ என்று முடியும். பண் (பழந்தமிழ் ராகம்) பழம்பஞ்சுரம், இன்றைய சங்கராபரணமாகப் பாடலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தை இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும்.

சாக்ஸபோன், கிதார் எல்லாம் கர்நாடக சங்கீதத்தில் சேர்த்தியா?

நான் வாசிப்பதே வெள்ளைக்காரன் வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி கற்றுக்கொண்டு வந்து நம்முடையதாக்கினார். ஆர்மோனியத்தை 1940-ல் வானொலி தடை செய்தது, 1971 வரை வாசல் திறக்கவில்லை. நாகசுரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு ஆசைப்பட்டு, அதில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) பிடிக்க வருசக் கணக்கில் போராடினார். 1994-ல் லண்டன் பிபிசி பிராம்ஸ் விழாவில் வாசித்தார். வாத்தியம் எதுவானாலும் கமகம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வெறும் ஸ்வரம்.

வாத்திய ரிப்பேரில் காசு உண்டா?

கோவை, திருப்பூர் இரண்டிலும் குழந்தைகள் வயலின் பழகுவது பெருகிவிட்டது; சரிசெய்கிற ஆள் இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கிப் பிரடை (கம்பியை முறுக்கும் மர ஆணி) வழுக்கும், கம்பி நிற்காது. சாக்பீஸை லேசாகத் தடவினால் பிடிக்கும். ஐப்பசி மழையில் அதே பிரடை உப்பித் திருப்பவே வராது. கொறடு போட்டுத் திருகி உடைத்துக்கொண்டு வருவார்கள். நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றி உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட்டை விழ வைத்துவிட்டு, “ஆட்டினா லொடலொடன்னுதுங்க” என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர். கம்பியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எழுதிவிட்டேன், இனி எனக்கு வருமானம் குறையும்.

உதவித்தொகை, ஆடிஷன்?

வானொலி ஆடிஷன் கொடுங்கள். பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் போடுவார்கள். அது பெயருக்குப் பக்கத்தில் நிற்கும், பள்ளி வேலைக்கும் உதவும். 10 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்கு மத்திய அரசின் சிசிஆர்டி (பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம்) உதவித்தொகை. 18 முதல் 25 வரையிலான இளங்கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இரண்டு வருசத்துக்கு மாதம் 5,000 ரூபாய் தருகிறது. விண்ணப்பிக்கிறவர்கள் எல்லாம் பெரிய ஊர்க்காரர்கள். நம் ஆட்களுக்குக் கடைசித் தேதி முடிந்த மறுநாள்தான் தெரியவரும்.

வரி, ஜிஎஸ்டி?

கர்நாடக இசைக் கச்சேரிக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை ஜிஎஸ்டி விலக்கு. நமக்கு அந்தக் கவலை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். பள்ளியோ கம்பெனியோ வரியென்று 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தால் அந்தக் காசு போய்விடவில்லை. வருமான வரி தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதியைத் திரும்ப வாங்கலாம். தாக்கல் செய்யாமல் மூன்று வருசம் விட்டவள் சொல்கிறேன்.

பொண்ணுங்க ராத்திரி நிகழ்ச்சி முடிச்சு எப்படி வருவது? கல்யாணம் ஆனபிறகு?

திரும்பி வர வண்டி என்பது என் நிபந்தனையில் முதல் வரி. பல்லடம் கடைசி பஸ்ஸை நம்பி நின்று, அது வராமல் பேருந்து நிலையத்தில் வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரி ஒன்று போதும்.

பெண் பார்க்க வந்தபோது, “புள்ள என்ன பண்றா?” என்றார்கள். எங்கள் ஆத்தா, “டீச்சருங்க” என்றார். அது பொய்யில்லை. நான்தான், “வயலின் வாசிக்கிறேன், ராத்திரி பத்து பதினொண்ணு ஆகும்” என்று சொன்னேன். இரண்டு வரன் அப்படியே போனது. மூன்றாவதாக வந்தவர், “அப்ப சாப்பாடு நான் எடுத்து வெச்சுக்கிறேனுங்க” என்றார். அவர்தான்.

உங்களிடம் சேரலாமா?

ஞாயிறு வகுப்பில் இப்போது இடம் இல்லை. ஆடியில் யாரும் புதிதாகச் சேர்க்க வர மாட்டார்கள், ஆவணியில் இரண்டு இடம் காலியாகும். வயலின் வாங்கிக்கொண்டு வராதீர்கள். குழந்தையின் கை நீளம் பார்த்துத்தான் அரையா முக்காலா முழுசா என்று சொல்ல முடியும். வரும்போது போன் அடித்தால் எடுக்க மாட்டேன், தறிச் சத்தத்தில் கேட்காது; கேட்டைத் தட்டுங்கள்.